அருந்ததிக்கு வேண்டிய வெளிச்சம்

நான் எடுத்த கல்யாண வீடியோக்களில் அருந்ததி நட்சத்திரம் என்று பதிவாகியிருப்பதெல்லாம் மண்டபத்துச் சீலிங் ஃபேன்தான். அம்மி மிதித்து முடிந்ததும் மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பிடித்து மேலே காட்டுவார். வெளியே முற்பகல் வெயில், தலைக்கு மேலே கான்கிரீட் கூரை. "அருந்ததி தெரியுதாம்மா?" என்று ஐயர் கேட்பார். பெண் ஃபேனைப் பார்த்துத் தலையாட்டும். நானும் கேமராவை ஃபேனுக்கு ஏற்றி இறக்குவேன். இத்தனை வருடத்தில் ஒரு பெண்கூட "தெரியலை" என்று சொன்னதில்லை. சொன்னால்தான் யார் விடப்போகிறார்கள்?

அதனால் சிங்கம்புணரி மாப்பிள்ளை சிவசங்கரன் ஃபோனில் அப்படிக் கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது.

"அக்கா, கல்யாணத்துக்கு முன்னாடி அவுட்டோர் எடுக்கிறோம்ல, அதுல கடைசி ஷாட் நெசமான அருந்ததியா இருக்கணும். நானும் சிந்துவும் நின்னு பாக்கிற மாதிரி. கிராபிக்ஸ் எல்லாம் வேணாம்."

"தம்பி, ராத்திரி வானத்தை வீடியோ எடுத்தா கறுப்புத் துணியை எடுத்த மாதிரித்தான் இருக்கும்."

"உங்ககிட்ட புதுக் கேமரா இருக்கு, இருட்டுலயும் எடுக்கும்னு சொன்னாகளே."

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். புதுக் கேமரா வாங்கியதைக் காரைக்குடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தது வேறு யாருமில்லை, நான்தான். நுணலும் தன் வாயால் கெடும். "சரி தம்பி, எடுத்துருவோம்" என்றேன்.

செக்காலைப் பக்கம் எங்கள் ஸ்டூடியோ. கேமரா என்னுடையது, எடிட்டிங் என் வீட்டுக்காரருடையது. மண்டபத்துக்குள் நுழைந்தால் "கேமராமேன் எப்பம்மா வருவாரு?" என்று என்னிடமே கேட்பார்கள். "வந்தாச்சு, நீங்கதான் மறைச்சுக்கிட்டு நிக்கிறீக" என்று சொல்லி நகர்த்துவேன். கோபக்காரி என்று பெயர். பெயர் தப்பில்லை.

ஆனால் இருட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மண்டபத்தில் வெளிச்சத்துக்குப் பஞ்சமே கிடையாது. கேமராவை ஆட்டோவில் போட்டுவிட்டு, யார் சம்பந்தி, யார் தாய்மாமன் என்று கவனித்தால் போதும். அதே ஆட்டோவோடு எங்கள் மொட்டை மாடிக்கு ஏறி வானத்தைக் காட்டினேன். ஆட்டோவுக்கு இருட்டு என்றாலே ஆகாது. படம் கறுப்பாக இருந்தால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, இல்லாத வெளிச்சத்தை இழுத்து இழுத்து ஊற்றுகிறது. திரை முழுக்கச் சாம்பல் நிறம். அதன்மேல் நொய்யரிசியை இறைத்தது போலப் புள்ளிகள். போதாக்குறைக்கு ஃபோகஸ் பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்தது.

ஆட்டோவை அணைத்துவிட்டுக் கையால் வைக்கப் பழகினேன். பழகினால் மூன்றே மூன்று சங்கதிதான். ஐரிஸ் என்பது ஜன்னலை எவ்வளவு அகலமாகத் திறக்கிறோம் என்பது. ஷட்டர் என்பது எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது. கெயின் என்பது உள்ளே வந்த கொஞ்ச வெளிச்சத்தை எவ்வளவு பெரிதாக்கிக் காட்டுகிறோம் என்பது. ஐரிஸை முழுதாகத் திறந்தேன். ஷட்டரைக் கல்யாண வீட்டு வேகத்திலிருந்து குறைத்துக் கால் நொடி வரை இழுத்தேன். நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் காய்ந்த துணி எடுக்க மாடிக்கு வந்தார். திரையில் புகைபோலக் கரைந்து போனார். மெதுவான ஷட்டரில் அசைகிறவர்களுக்கு உருவம் கிடையாது.

கெயினை ஏற்றும்போதுதான் ஆசை மோசம் செய்தது. கொஞ்சம் ஏற்றினால் இன்னும் நாலு நட்சத்திரம், மேலும் ஏற்றினால் மறுபடி நொய்யரிசி. யாரும் பேசாத மைக்கில் சத்தத்தை ஏற்றினால் இரைச்சல்தானே பெரிதாகும். சில நாள் அந்தியில் மாடியிலேயே உட்கார்ந்து ஒரு வழி கண்டுபிடித்தேன். இரைச்சல் துள்ளிக்கொண்டே இருக்கும், நட்சத்திரம் இடத்தை விட்டு நகராது. துள்ளல் ஆரம்பிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கெயினை நிறுத்திவிட வேண்டும். ஃபோகஸுக்குத் தூரத்து செல்ஃபோன் டவரின் சிவப்பு விளக்கைப் பிடித்து, அது ஒரு புள்ளியாகச் சுருங்கியதும் அப்படியே பூட்டிவிட வேண்டும். கடைசியில் ஒரு நாள் சப்தரிஷி மண்டலம் ஏழும் திரைக்குள் வந்தது. வால் பக்கத்தில் கடைசிக்கு முந்தினது வசிஷ்டர். அவரை ஒட்டிக்கொண்டு, ஊசி முனை போல அருந்ததி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை கல்யாணத்தில் இதன் பெயரைச் சொல்லி ஃபேனை எடுத்திருக்கிறேன்.

அந்தச் சந்தோஷத்தில் இருக்கும்போதுதான் சிந்துவின் அம்மா அழகம்மாள் ஸ்டூடியோவுக்கு வந்தார். அவர்கள் காரைக்குடியிலேயே தச்சாசாரிக் குடும்பம். சிந்து ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அழகம்மாள் உட்காரவில்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றார்.

"அகிலா, அந்தக் கடைசிப் படத்தைப் பகல்லயே எடுத்துப்புட்டு, அப்புறமா கம்ப்யூட்டர்ல இருட்டாக்கிர முடியும்லம்மா?"

முடியும். வெளிச்சத்தைக் குறைத்து எடுத்து, நீலம் ஏற்றினால் பகல் ராத்திரியாகிவிடும். ஆனால் மாடியில் கொசுக்கடி பட்டுக் கற்றுக்கொண்ட வித்தையை எடுத்த எடுப்பில் வேண்டாம் என்றால் கோபம் வராதா? "ஏம்மா? காத்துக் கறுப்பு அண்டிரும்னு பயமா? மாப்பிள்ளை கூடத்தானே இருக்காரு" என்றேன்.

"அதெல்லாம் இல்லம்மா." அழகம்மாள் கதவைப் பார்த்தார். குரலை இறக்கினார். "பிள்ளைக்குப் பொழுது சாஞ்சு விளக்கு வச்சா கண்ணு தெரியாது."

நான் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"சின்னதுல இருந்தே அப்படித்தான். மாலைக்கண்ணுனு கீரை, ஈரல்னு என்னென்னமோ குடுத்தோம். அது சத்துக் குறைவு இல்லையாம். கண்ணுக்குள்ள இருக்கிற திரையே அப்படியாம். பகல்ல ஒரு குறையும் இல்லம்மா. ராத்திரி வீட்டுக்குள்ள லைட்டு இருந்தாலும் நல்லா இருப்பா. வெளிய இருட்டுல விட்டா சுவருக்கும் வாசலுக்கும் வித்தியாசம் தெரியாது."

"மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா?"

அழகம்மாள் அழுதார். முன்பு ஒரு இடம் கூடிவந்து, இவர்கள் உள்ளதைச் சொல்லப்போய், பூ வைத்ததற்குப் பிறகு அவர்கள் விலகிவிட்டார்களாம். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. திறக்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா மீனம்மாள் அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார். "விளக்கு வச்ச பிறகு அந்தப் பிள்ளை தெருவுல தலை காட்டி நாங்க பாத்ததே இல்ல" என்று எல்லோரும் ஒரே வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு அடக்கமான பிள்ளையா என்று மீனம்மாள் அங்கேயே தட்டு மாற்ற நாள் கேட்டுவிட்டார். சிவசங்கரன் ஒரு தரம் சாயங்கால சினிமாவுக்குக் கூப்பிட்டபோது சிந்து வர முடியாது என்றாளாம். அதுவும் அடக்கத்தில் சேர்ந்துகொண்டது.

எனக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் ஆத்திரம். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்னு சொல்லுவாக. ஆனா இந்த ஒரு பொய்யோட அந்தப் பிள்ளை தினம் ராத்திரி குடித்தனம் நடத்தணுமே, அதை நெனச்சீகளா?" என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். தாலி ஏறட்டும், நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். பெற்றவள் அப்படிப் பிடிக்கும்போது உதறுகிற மனசு எனக்கு இல்லை. பகலிலேயே எடுத்து இருட்டாக்கித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட பிறகு அன்று சோறு இறங்கவில்லை.

அவுட்டோருக்குக் கண்டனூரில் ஒரு பெரிய வீடு. சொந்தக்காரர்கள் சென்னையில். கல்யாணம், திருவிழா என்றால் மட்டும் வந்து திறப்பார்கள். மற்ற நாளில் எங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மதியத்திலிருந்து தூண் தூணாக, வாசல் வாசலாக எடுத்தோம். சிந்து நன்றாகச் சிரித்தாள். ஒவ்வொரு படியாகக் கண்ணால் அளந்து அளந்து நடந்ததை, விஷயம் தெரிந்ததால் நான் கவனித்தேன். சிவசங்கரன் கவனிக்கவில்லை. புதுப் புடவை தடுக்கும் என்று நினைத்திருப்பார்.

வெயில் தாழ்ந்ததும், துணைக்கு வந்திருந்த அழகம்மாளோடு எல்லோரும் மேல்மாடிக்கு ஏறினோம். நான் அவசர அவசரமாக இருவரையும் கைப்பிடிச் சுவர் பக்கம் நிறுத்தி, "வடக்குட்டுப் பாருங்க, கையை நீட்டிக் காட்டுங்க தம்பி" என்றேன்.

சிவசங்கரன் கையை நீட்டவில்லை. "இன்னும் இருட்டவே இல்லையே அக்கா."

"அதை நாங்க பாத்துக்கிருவோம். எடிட்டிங்ல ராத்திரியாயிரும்."

"அதுக்கு மண்டபத்துல ஃபேனையே பாத்துட்டுப் போயிரலாமே. பௌர்ணமி கழிஞ்சாச்சு, நெலா வர நேரமாகும். வானமும் தெளிவா இருக்கு. கொஞ்ச நேரம் காத்திருந்தா நெசமாவே தெரியும் அக்கா." அவர் கோயம்புத்தூரில் ஒரு பட்டறையில் மிஷின் டிசைன் பண்ணுகிறவர். எதையும் அளந்து, இருக்கிறபடி பார்க்க வேண்டும் அவருக்கு. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அவர் தலையில் ஒரு குட்டு வைத்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

அழகம்மாள் என்னைப் பார்த்தார். நான் சிந்துவைப் பார்த்தேன். அவள், "இருக்கட்டும் அக்கா, காத்திருப்போம்" என்றாள். அழகம்மாளின் முகத்தில் ரத்தமே இல்லை.

இருட்டியது. பூட்டிக் கிடக்கிற வீடுகள் நிறைந்த ஊரில் இருட்டு சீக்கிரம் வந்துவிடுகிறது. தெருவிளக்கும் தொலைவில்தான். சிந்து கைப்பிடிச் சுவரில் ஒரு உள்ளங்கையை வைத்தாள். அதன் பிறகு அந்தக் கை சுவரை விட்டு எடுபடவே இல்லை.

நான் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, பக்கத்தில் மானிட்டர் திரையை மாட்டினேன். தூரத்து டவரின் சிவப்பு விளக்கைச் சட்டத்தின் ஓரத்தில் வைத்து ஃபோகஸைப் பூட்டினேன். ஐரிஸைத் திறந்து, ஷட்டரை இழுத்து, கெயினைத் துள்ளலுக்கு முன்னால் நிறுத்தினேன். ஏழு ரிஷிகளும் திரையில் வந்து நின்றார்கள். ரெக்கார்டை அழுத்தினேன்.

"சிந்து, வந்து பாரும்மா" என்றேன். திரைக்கு வெளிச்சம் உண்டு. அது அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தோன்றியிருந்தது.

மாடிச் சுவரைத் தடவி வந்து குனிந்து பார்த்தாள். பார்த்தவள் நிமிரவே இல்லை. "இம்புட்டு இருக்கா?" என்றாள். சின்னக் குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது.

சிவசங்கரன் சிரித்தார். "கேமரா கொஞ்சம் கூட்டிக் காட்டுது. ஆனா இந்த ஏழும் கண்ணுக்கே நல்லாத் தெரியும். இங்குட்டு வா." அவளை வடக்கே திருப்பி, அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினார். "ஏர்க்கால் மாதிரி வளைஞ்சிருக்குல? அதுல கடைசிக்கு முந்துனது. தெரியுதா?"

"தெரியும் தெரியும், பிள்ளைக்கு எல்லாம் தெரியும்" என்றார் அழகம்மாள். "பனி எறங்குது, கெளம்புவமா?" வைகாசியில் என்ன பனி?

"அத்தை, ஒரு நிமிசம். சிந்து, அதை ஒட்டுனாப்புல எந்தப் பக்கம் அருந்ததி இருக்குனு சொல்லு பாப்போம். எனக்குக் கண்ணாடி போட்டும் பிரிஞ்சு தெரியலை. உனக்குத் தெரியுதா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். திரையில் இப்போதுதான் பார்த்தாள், அதை வைத்து இடமோ வலமோ சொல்லித் தப்பித்திருக்கலாம். மண்டபத்தில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். சிந்து அண்ணாந்தபடியே நின்றாள். பிறகு கையைச் சுவரில் வைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இதுல வெளிச்சத்தைக் குறைக்க முடியுமா?"

"எதுக்கும்மா?"

"குறைங்க. நான் சொல்றேன்."

கெயினை ஒரு படி இறக்கினேன். சின்ன நட்சத்திரங்கள் போயின. அவள் வானத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். "இன்னும்." இன்னொரு படி. மறுபடி வானம், மறுபடி திரை. கண்ணாடிக் கடையில் எந்தக் கண்ணாடியில் எழுத்து தெரிகிறது என்று மாற்றி மாற்றிச் சொல்வார்களே, அந்த மாதிரி. அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. கெயின் பூஜ்யத்துக்கு வந்தது. ஏழு ரிஷிகள் மங்கலாக இருந்தார்கள். "இன்னும் அக்கா." ஷட்டரை ஏற்றினேன். ரிஷிகள் போனார்கள். மாடியின் விளிம்புக்கும் வானத்துக்கும் இருந்த கோடு கொஞ்சம் மிச்சமிருந்தது. "இந்தக் கோடு எனக்குக் கிடையாது. அதையும் எடுத்துருங்க." ஐரிஸை மூடிக்கொண்டே போனேன். கோடு போயிற்று. கறுப்புத் திரை; ஓரத்தில் டவரின் சிவப்பு விளக்கு ஒன்றே ஒன்று.

"போதும். அந்தச் சிவப்பு எனக்குத் தெரியும். அது இருக்கட்டும்." அவள் நகர்ந்து வழி விட்டாள். "இப்ப நீங்க வந்து பாருங்க. விளக்கு வச்சா எனக்கு இதுதான்."

சிவசங்கரன் குனிந்து பார்த்தார். முதலில் விளங்கவில்லை. நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். திரையின் வெளிச்சம் இல்லாததால் அவர் முகம் எனக்குத் தெரியவில்லை.

"எப்ப இருந்து?"

"சின்னப் பிள்ளையில இருந்து."

"இத்தனை மாசமா தினம் பேசுறோம் சிந்து." குரல் உயர்ந்தது. "ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் ஃபோனை எடுப்பேன். எப்படிச் சொல்றது? இருட்டா இருக்கும்னு சொன்னா, ராத்திரின்னா எல்லாருக்கும் இருட்டுதானேம்பீக. போன தடவை வந்தவுக கண்ணே தெரியாத பிள்ளைனு சொல்லிட்டுப் போனாக. ரெண்டும் இல்லைங்க. இதுதான்." திரையைத் தொட்டுக் காட்டினாள். "வேணாம்னு தோணுச்சுன்னா இங்கேயே சொல்லிருங்க. மண்டபத்துல வச்சு ஃபேனைக் காட்டுனா நானும் தெரியுதுனு சொல்லித்தான் ஆகணும். அதுக்கு அப்புறம் எப்பத்தான் நெசம் சொல்லுவேன்?"

எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதே நேரம் மாப்பிள்ளை ஏதாவது தப்பாகப் பேசினால் ஸ்டாண்டைத் தூக்கி அடித்துவிடுவேன் போலவும் இருந்தது. அவர் திரையை விட்டு விலகினார். மாடியின் மறுகோடி வரை போனார். அழகம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டார். சிந்து அவர் போன திசையைப் பார்க்கவில்லை. பார்த்தாலும் அவளுக்கு அங்கே என்ன தெரிந்திருக்கும்?

திரும்பி வந்தவர் என்னிடம்தான் பேசினார். "அக்கா, அது ரெக்கார்டு ஆகியிருக்கா?"

நிறுத்த மறந்திருந்தேன். "ஆகியிருக்கு தம்பி. அழிச்சிரட்டா?"

"வேணாம். எங்க அம்மா பாக்கணும்."

"ஐயா, வேணாம்யா" என்று அழகம்மாள் எழுந்து ஓடிவந்தார். "உங்க அம்மா என்ன நெனச்சு எங்க பிள்ளையை எடுத்தாகன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் அத்தை. அதான் பாக்கணும். நான் வாயால சொன்னா நம்பாது. நாளைக்குக் காலையில எல்லாரும் வீட்டுக்கு வாங்க. அக்கா, நீங்களும் கேமராவோட வாங்க."

கீழே இறங்கும்போது ஃபோன் டார்ச்சை அவள் காலடிக்கு முன்னால் ஒவ்வொரு படியாகப் பிடித்துக்கொண்டே வந்தார். அது பாசமா, விழுந்து வைத்தால் வம்பு என்ற கவலையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் சிங்கம்புணரி. சந்தைப் பக்கத்தில் ஓட்டு வீடு. மீனம்மாள் ஒல்லியான உடம்பு, கணீர் என்ற குரல். புருஷன் போனபிறகு காய்கறி மொத்த வியாபாரம் பார்த்து மகனைப் படிக்க வைத்தவர். எங்களை உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார், ஆனால் முகத்தைக் கொடுக்கவில்லை. மகன் ஏதோ சொல்லி வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. அழகம்மாள் பேச வாயெடுத்தார். "இருங்க, மொத அதைப் பாப்போம்" என்று தடுத்துவிட்டார்.

திரை தெரிவதற்காகக் கதவுகளைச் சாத்தினோம். நான் ஓட்டினேன். ஏழு ரிஷிகள். "குறைங்க. நான் சொல்றேன்" என்ற சிந்துவின் குரல். நட்சத்திரங்கள் கொத்துக் கொத்தாக அணைந்தன. கடைசியில் சிவப்புப் புள்ளி. அதன் மேல் அவள் பேசியதெல்லாம் இருட்டுக்குள்ளிருந்து வந்தது. முடிந்ததும் மீனம்மாள், "இன்னொரு தடவ போடு" என்றார். போட்டேன். இரண்டாம் தடவை அவர் திரையைவிடச் சிந்துவைத்தான் அதிகம் பார்த்தார்.

"விளக்கு வச்சா வெளிய வராத பிள்ளைனு இந்தத் தெரு பூராம் பெருமை பேசி வச்சிருக்கேன்" என்றார்.

"எங்க தப்புதான் சம்பந்தி..." என்று அழகம்மாள் ஆரம்பித்தார்.

"நீங்க பேசாதீக. நான் பிள்ளைகிட்ட கேக்கிறேன். ஏத்தா, பகல்ல எப்படி?"

"நேராப் பாத்தா நல்லாத் தெரியும் அத்தை. பக்கவாட்டுல கொஞ்சம் கம்மி" என்றாள் சிந்து. எழுந்து நின்றுதான் பதில் சொன்னாள்.

"வயசாக வயசாகக் கூடுமா?"

"கூடலாம்னு சொல்லியிருக்காக. எம்புட்டுன்னு யாருக்கும் சொல்லத் தெரியலை."

"பிறக்கிற பிள்ளைக்கு?"

சிவசங்கரன், "அம்மா" என்றார். மீனம்மாள் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"வரலாம், வராமலும் இருக்கலாம் அத்தை. அதுக்கு டெஸ்ட் இருக்கு, இன்னும் எடுக்கலை. எடுத்தா என்ன வருதோ அதை அப்படியே உங்ககிட்டச் சொல்லுவேன்."

மீனம்மாள் தலையைக் குனிந்து, முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். கதவு சாத்தியிருந்ததால் வீட்டுக்குள் புழுக்கமாக இருந்தது. கல்யாணம் நின்றுவிட்டது என்றே நான் நினைத்தேன். யார் யாருக்கு ஃபோன் பண்ணிச் சொல்ல வேண்டும் என்றுகூட என் புத்தி போயிற்று. அழகம்மாள் மகளின் கையைப் பிடித்து இழுத்தார், போகலாம் என்பது போல.

மீனம்மாள் எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்தார். வெளிச்சம் திமுதிமுவென்று உள்ளே வந்தது. அங்கே நின்றுகொண்டு மகனைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார், எங்கள் எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"ஏண்டா, பாத்ரூமுக்கு எறங்குற படியில லைட்டுப் போடு, லைட்டுப் போடுன்னு நானும் கரடியாக் கத்துறேன். காதுல வாங்குனியா? நானே ரெண்டு தடவ தடுக்கி விழுந்தாச்சு. எலெக்ட்ரீசியனுக்கு ஃபோனைப் போடு. கல்யாணத்துக்கு முன்னாடி இந்த வேலை முடிஞ்சாகணும்."

சிவசங்கரன் சட்டைப் பையைத் தடவினார், ஃபோன் கையிலேயே இருந்தது. அழகம்மாளுக்கு என்ன நடக்கிறது என்று விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. சிந்து நின்ற இடத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். முந்தின நாள் மாடியில் அழாத பெண், இப்போது தோள் குலுங்க அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கு என்ன.

மீனம்மாள் அதைப் பார்த்தும் பார்க்காதவர் போலக் கதவருகில் இருந்தே கையை நீட்டினார்.

"அழுதது போதும், இங்க வாத்தா. எந்தெந்த எடத்துல போடணும்னு நீயே வந்து காட்டு."